கோடையில் ஐரோப்பா: விலை ஏறிய நகரங்களில் கட்டுப்படியாகும் அறை பிடிப்பது எப்படி?

ஈஃபில் கோபுரத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அறை வேண்டும் என்று தேட ஆரம்பித்தால், ஜூன், ஜூலை மாதங்களில் வரும் விலையைப் பார்த்துப் பயணத்தையே கைவிடத் தோன்றும். ஊர் நடுவில் மலிவாக ஏதாவது சிக்குமா என்று ராத்திரி ராத்திரியாகத் தேடுவதிலும் பெரிய பயன் இல்லை. கோடையில் அப்படி ஓர் அறை மலிவாக இருந்தால், பெரும்பாலும் அதில் லிஃப்ட் இருக்காது, அல்லது ஜன்னல் இருக்காது, அல்லது குளியலறை வராந்தாவின் கடைசியில் இருக்கும்.

குடும்பத்தோடு சில கோடைகள் அலைந்து நான் கற்றது இதுதான்: முதலில் தேதி, அடுத்து ரயில் பாதை, கடைசியில்தான் ஓட்டல். இந்த வரிசையில் போனால் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், வெனிஸ், ஜெனீவா போன்ற ஊர்களிலும் கையைக் கடிக்காத அறை கிடைக்கும். எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஊரின் நாட்காட்டியைப் பாருங்கள்

"சீசன்" என்பது எல்லா ஊருக்கும் ஒரே மாதத்தில் வருவதில்லை. மியூனிக்கில் செப்டம்பர் பாதியில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை நடக்கும் அக்டோபர்ஃபெஸ்ட் நாட்களில் விலை தாறுமாறாக ஏறும். எடின்பரோவில் ஆகஸ்ட் முழுக்கக் கலைவிழா. பார்சிலோனாவில் பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் மொபைல் மாநாடு. ஃபிராங்ஃபர்ட்டில் அக்டோபர் புத்தகக் கண்காட்சி. ஆம்ஸ்டர்டாமில் ஏப்ரல் 27 அரசர் தினம், அதையொட்டியே டூலிப் பூக்காலம். ஒற்றைப்படை ஆண்டுகளின் ஜூனில் பாரிஸ் அருகே லெ பூர்ஷேயில் விமானக் கண்காட்சி. இப்படி ஒரு வாரத்தில் தெரியாமல் போய் மாட்டிக்கொண்டால் வேறு எந்த உத்தியும் உதவாது. இரண்டு நாள் முன்னேயோ பின்னேயோ நகர்ந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மே, ஜூனில் வரும் நீண்ட வார இறுதிகளையும் கவனியுங்கள். ஈஸ்டருக்குப் பிறகு 39ஆம் நாள் வரும் விண்ணேற்ற தினம் எப்போதும் வியாழக்கிழமை. பிரான்சில் பலர் வெள்ளிக்கும் லீவு போட்டு நான்கு நாள் விடுமுறையாக்கிக்கொள்வார்கள். பெந்தெகொஸ்தே திங்களும் பல நாடுகளில் விடுமுறை. நம் ஊர்ப் பள்ளி விடுமுறையும் அதே மாதத்தில் இருப்பதால் இது நம்மை நேராகத் தாக்கும்.

எதிர்த் திசையிலும் யோசிக்கலாம். அலுவலக வேலையாக வருபவர்களை நம்பி ஓட்டல் நடத்தும் ஊர்களில் கோடையும் வார இறுதியும்தான் மலிவான காலம். பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஒன்றிய அலுவலகங்கள் இருக்கும் பகுதி ஆகஸ்டில் வெறிச்சோடிவிடும். மிலானில் ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்டோ விடுமுறையை ஒட்டி ஊரே காலியாகும். வெயில் கடுமை, சில கடைகள் மூடியிருக்கும், ஆனால் அறை விலை இறங்கியிருக்கும். ஸ்டாக்ஹோம், ஓஸ்லோ போன்ற ஊர்களிலும் ஜூலையில் அலுவலகக் கூட்டம் இருக்காது. பாரிஸிலேயே லா டெஃபான்ஸ் என்ற கண்ணாடிக் கட்டட வட்டாரம் இருக்கிறது. வார நாட்களில் அங்கே தங்குவோர் கோட்டுப் போட்டவர்கள். வெள்ளி, சனி இரவுகளிலும் ஆகஸ்டிலும் அதே அறையின் விலை நன்றாகக் குறையும். அங்கிருந்து மெட்ரோ 1ஆம் பாதை நேரே லூவர் போகிறது.

அதனால் பயணத்தை வாரக்கிழமையோடு சேர்த்து அடுக்குங்கள். சுற்றுலா ஊர்களில் ஞாயிறு முதல் வியாழன் வரை, அலுவலக ஊர்களில் வெள்ளி முதல் ஞாயிறு வரை. வெனிஸும் மிலானும் போகிறீர்கள் என்றால் வெனிஸை வார நாட்களில் வைத்துக்கொண்டு மிலானை வார இறுதிக்குத் தள்ளுங்கள். ஊர்களின் வரிசையை மாற்றுவதற்குக் காசு எதுவும் செலவில்லை.

இரண்டாம் படி: நகர மையத்தை விடுங்கள், ரயில் பாதையைப் பிடியுங்கள்

இதில்தான் பெரிய சேமிப்பு இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வரைபடத்தில் "மையத்திலிருந்து 9 கிலோமீட்டர்" என்று வந்தால் நாம் பயந்துவிடுகிறோம். நம் ஊர்ப் போக்குவரத்தில் 9 கிலோமீட்டர் என்றால் முக்கால் மணி நேரம். அங்கே கேள்வி தூரம் அல்ல. ஓட்டலிலிருந்து நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை, எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில், வண்டி மாற வேண்டுமா, கடைசி ரயில் எப்போது? இந்த நான்குக்கும் பதில் நன்றாக இருந்தால் 9 கிலோமீட்டர் ஒன்றுமே இல்லை. ஊருக்குள்ளேயே மூன்று தடவை வண்டி மாறிப் போகும் ஓட்டலைவிட, வெளியே நேர்ப்பாதையில் இருக்கும் ஓட்டல் மேல்.

பாரிஸில் இருபது வட்டாரங்களைச் சுற்றி ஓடும் வட்டச்சாலையைத் தாண்டிய உடனே விலை இறங்கும், மெட்ரோ மட்டும் தொடர்ந்து ஓடும். கிழக்கே வான்சென் நகரம் 1ஆம் பாதையின் கடைசி நிலையம்; அமைதியான, குடும்பங்கள் வாழும் இடம், பக்கத்தில் கோட்டையும் காடும் உண்டு. மோந்த்ரெய் 9ஆம் பாதையிலும், மலாகோஃப் 13ஆம் பாதையிலும் இருக்கின்றன. 2024 ஜூனில் 14ஆம் பாதையை வடக்கே சான் தெனி ப்ளேயெல் வரைக்கும் தெற்கே ஓர்லி விமான நிலையம் வரைக்கும் நீட்டினார்கள். அந்தப் பாதையை ஒட்டிய புறநகர்களையும் இப்போது கணக்கில் சேர்க்கலாம். 2025 ஜனவரியிலிருந்து பாரிஸ் வட்டாரம் முழுவதும் மெட்ரோ, புறநகர் ரயிலுக்கு ஒரே கட்டணம் என்றாகிவிட்டது; விமான நிலையங்களுக்கு மட்டும் தனிக் கட்டணம். முன்பு புறநகரில் தங்கினால் டிக்கெட்டுக்குக் கூடுதலாகப் போனது, இப்போது அந்தக் கவலை இல்லை.

கார் து நோர் நிலையத்துக்கு அருகே லா ஷப்பெல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருப்பது பலருக்குத் தெரியும். இட்லி, கொத்து ரொட்டி என்று சாப்பாட்டுச் செலவு அங்கே மிச்சமாகும். ஆனால் நிலையத்தைச் சுற்றி இரவில் சத்தமும் கூட்டமும் அதிகம். சின்னக் குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால், வேறு இடத்தில் தங்கிக்கொண்டு சாப்பிட மட்டும் அங்கே போகச் சொல்வேன்.

ஆம்ஸ்டர்டாம் வேறு விதம். ஊருக்குள் புது ஓட்டல் கட்டுவதையே 2024இல் ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள், அதனால் உள்ளே விலை இறங்க வழியில்லை. பக்கத்து ஊர்களில் தங்கி ரயிலில் வந்து போகலாம்: ஹார்லெம் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, ஸான்டாம் அதைவிடக் குறைவு, உத்ரெக்ட் அரை மணி நேரத்துக்குள். ஹார்லெமும் உத்ரெக்டும் தாமே அழகான பழைய ஊர்கள். மாலையில் ஆம்ஸ்டர்டாம் கூட்டத்தை விட்டு அங்கே திரும்பி வாய்க்கால் ஓரம் நடப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஊரைவிட்டு வெளியே போக மனமில்லை என்றால் நோர்த் பகுதியைப் பாருங்கள். சென்ட்ரல் நிலையத்தின் பின்புறத்திலிருந்து அங்கே போகும் படகு இலவசம், இரவிலும் ஓடும்.

வெனிஸுக்கு, தீவுக்கு வெளியே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரே. வெனிஸ் சான்டா லுச்சியா நிலையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், ரயில்களும் அடுத்தடுத்து வரும். நிலையத்தை ஒட்டியே பல ஓட்டல்கள் இருக்கின்றன. தீவுக்குள் தங்கினால் கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்குப் பாலம் படியேற வேண்டும். அந்தப் பாடும் இதில் இல்லை. இன்னொரு விஷயம்: 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் வெனிஸுக்குப் பகல் வேளையில் வந்துபோகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். மெஸ்த்ரே அதே வெனிஸ் மாநகராட்சியைச் சேர்ந்ததால், அங்கே ஓட்டலில் தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு. இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்து விலக்குக் குறியீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து ஊரான பதுவாவில் தங்கினால் அறை இன்னும் மலிவாகலாம், ஆனால் இந்த விலக்கு கிடையாது.

எல்லை தாண்டித் தங்குவது அடுத்த உத்தி. ஜெனீவாவில் அறை விலை எட்டாத உயரம் என்றால், பிரான்ஸ் பக்கம் அன்மாஸில் தங்கலாம். 2019 டிசம்பரிலிருந்து லெமான் எக்ஸ்பிரஸ் புறநகர் ரயில் இரண்டு ஊரையும் இணைக்கிறது. பாஸலுக்கு ஜெர்மனியின் வைல் அம் ரைன். பாஸல் டிராம் எல்லை தாண்டி அங்கேயே வருகிறது. கோபன்ஹேகனுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஸ்வீடனின் மால்மோ. ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருங்கள், சில எல்லைகளில் திடீர்ச் சோதனை உண்டு. ஆனால் இதில் கூட்டிக் கழித்துப் பார்க்கவும் வேண்டும். ஜெனீவா, பாஸல், பெர்ன் ஊர்களில் ஓட்டலில் தங்குபவர்களுக்கு ஊர்ப் போக்குவரத்து இலவசம். அட்டையை ஓட்டலே தரும். நான்கு பேர் மூன்று நாள் சுற்றும் டிக்கெட் காசை வைத்துப் பார்த்தால், சில சமயம் ஊருக்குள் தங்குவதே லாபமாக வரும். சூரிக்கில் அப்படிச் சலுகை இல்லை.

லண்டனுக்குத் தனி விசா வேண்டும் என்பது தெரிந்ததே. அங்கே 2022இல் திறந்த எலிசபெத் ரயில் பாதையை ஒட்டிய ஸ்ட்ராட்ஃபோர்ட், இல்ஃபோர்ட், அபி வுட் பக்கங்களைப் பாருங்கள். ஈஸ்ட் ஹாமில் தமிழ்க் கடைகள் உண்டு, டிஸ்ட்ரிக்ட் பாதையில் நேராக ஊருக்குள் போகலாம்.

மூன்றாம் படி: ஓட்டல் அல்லாத அறைகள்

தேடுதளத்தில் "ஓட்டல்" என்று வடிகட்டினால் இவை கண்ணில் படாமலே போய்விடும்.

கோடையில் மாணவர்கள் வீட்டுக்குப் போனதும் பல்கலைக்கழக விடுதிகள் பயணிகளுக்குத் திறக்கின்றன. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் விடுதிகள் தேம்ஸ் கரையிலும் ஹோபர்னிலும் இருக்கின்றன. அந்த இடத்தில் ஓட்டல் அறை எடுப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. டப்ளினில் டிரினிட்டி கல்லூரி வளாகத்துக்குள்ளேயே தங்கலாம். எடின்பரோ, ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜிலும் உண்டு. அறை எளிமையாக இருக்கும், ஒற்றைக் கட்டில் அதிகம், சிலவற்றில் குளியலறை பொது. பொதுச் சமையலறை உள்ள விடுதியாக அமைந்தால் நமக்கு அதுவே பெரிய வரம்.

ரோமில் கன்னியர் மடங்கள் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் பல இருக்கின்றன. எந்த மதத்தவரும் தங்கலாம். அறை பளிச்சென்று இருக்கும், காலையில் ரொட்டியும் காபியும் கொடுப்பார்கள். பலவற்றில் இரவு 11 மணி வாக்கில் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதை மறக்கக் கூடாது. சின்ன இல்லங்களுக்கு மின்னஞ்சல் எழுதித்தான் கேட்க வேண்டும். இத்தாலிய மொழியில் நான்கு வரி எழுதினால் பதில் சீக்கிரம் வருகிறது.

யூத் ஹாஸ்டல் என்ற பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். சுவிட்சர்லாந்தின் யூத் ஹாஸ்டல்களில் நான்கு கட்டில் கொண்ட குடும்ப அறைகள் இருக்கின்றன, காலை உணவும் சேர்ந்தே வரும். மைனிங்கர் என்ற ஓட்டல் தொடரில் நான்கு, ஆறு பேர் அறைகளும் தங்குபவர்களுக்கான சமையலறையும் உண்டு. வெளியே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நான்கு பேருக்கு ஆகும் காசை நினைத்துப் பாருங்கள். இரவில் கொஞ்சம் சாதம் வடித்துப் பருப்புப் பொடியும் தயிரும் போட்டுக்கொண்டால் அந்தக் காசில் அறையையே கொஞ்சம் நல்லதாக எடுக்கலாம்.

நான்காம் படி: தலைக்கணக்கும் வரிக்கணக்கும்

எத்தனை பேர் என்பதை உண்மையாகப் போடுங்கள், குழந்தைகளின் வயதோடு. நம் ஊரில் "சின்னப் பையன்தானே, ஒரு பாய் போட்டுக்கிறோம்" என்றால் சரி என்பார்கள். அங்கே ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்பது தீத்தடுப்பு விதியோடு சேர்ந்த விஷயம். மூன்று பேர் அறையை எடுத்துக்கொண்டு நான்காவதாக என் இளைய மகளைக் காட்டியபோது ரிசப்ஷனில் மரியாதையாகவே மறுத்துவிட்டார்கள். இரவு ஒன்பது மணிக்கு அன்றைய விலையில் இன்னோர் அறை எடுத்தேன்; மிச்சம் பிடித்த காசெல்லாம் அந்த ஒரே இரவில் போனது. குடும்பங்களுக்கு நோவோடெல், பிரிட்டனில் பிரீமியர் இன் போன்றவற்றில் இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள் என்ற அறைகள் கிடைக்கும். அதிலும் குழந்தைகளின் காலை உணவுக்குச் சலுகை இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது சுற்றுலா வரி. பல தளங்களில் முதலில் காட்டும் விலையில் இது இருக்காது, ஓட்டலில் போய்க் கட்ட வேண்டியிருக்கும். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறை விலையில் 12.5 சதவீதம். 150 யூரோ அறை என்றால் ஓர் இரவுக்கு 18.75 யூரோ கூட. போதாததற்கு நெதர்லாந்தில் ஓட்டல்களுக்கான மதிப்புக்கூட்டு வரியும் 2026 ஜனவரியில் 9இலிருந்து 21 சதவீதமாக உயர்ந்தது. பாரிஸில் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. 2024இல் அது ஏறக்குறைய மூன்று மடங்காகி, 3 நட்சத்திர ஓட்டலில் ஓர் இரவுக்குத் தலைக்கு 5 யூரோவைத் தாண்டியது. ஆனால் பிரான்சில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வரி இல்லை. எடின்பரோவில் 2026 ஜூலை 24 முதல் 5 சதவீத வரி.

அதனால் ஒப்பிடும்போது இப்படிப் போடுங்கள்: அறை விலை, வரி, குடும்பத்துக்கான தினசரி ரயில் செலவு, காலை உணவு. உதாரணத்துக்கு, உள்ளே ஓர் அறை 210 யூரோ, வெளியே 140 யூரோ என்றால் வித்தியாசம் 70. வெளியே தங்குவதால் நான்கு பேருக்கு ரயிலுக்குக் கூடுதலாக 24 யூரோ ஆகிறது என்றால் உண்மையான மிச்சம் 46தான். ஐந்து இரவுக்கு 230 யூரோ. அது நல்ல தொகை. வித்தியாசம் 15, 20 யூரோவுக்கு வந்து நின்றால் நான் யோசிக்காமல் உள்ளேதான் தங்குவேன். மத்தியானம் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு மாலையில் மறுபடி கிளம்பும் வசதிக்கு அந்தக் காசு தகும்.

ஐந்தாம் படி: சீக்கிரம் பிடித்து, மறுபடி மறுபடி பாருங்கள்

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசாவுக்கு ஓட்டல் முன்பதிவைக் காட்ட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். எனவே நாமே முன்கூட்டித் திட்டமிடும் கட்டாயத்தில் இருக்கிறோம். அதை லாபமாக மாற்றிக்கொள்ளலாம். இலவசமாகக் கேன்சல் செய்யக்கூடிய, ஓட்டலில் போய்ப் பணம் கட்டும் அறையாக, எல்லா இரவுக்கும் நல்ல இடத்தில் முதலிலேயே எடுத்துவிடுங்கள். விசா வந்த பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அதே தேதிகளுக்கு விலையைப் பாருங்கள். இறங்கியிருந்தால் புதியதை எடுத்து, உறுதியான பிறகு பழையதைக் கேன்சல் செய்யுங்கள். கேன்சல் கெடு ஓட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி என்பதைக் கவனித்து, இரண்டு நாள் முன்னதாகவே போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். போலி முன்பதிவுத் தாளை விற்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம். விசா மறுக்கப்பட்டால் அடுத்தடுத்த விண்ணப்பங்களுக்கும் அது தொடரும்.

விசாவில் இன்னொரு நுணுக்கம். அதிக இரவு தங்கும் நாட்டிடம்தான் பொதுவாக விண்ணப்பிக்க வேண்டும். ஜெனீவாவைப் பார்க்க அன்மாஸில் தங்கினால் அந்த இரவுகள் பிரான்ஸ் கணக்கில் சேரும். எல்லை தாண்டித் தங்கும் திட்டமிருந்தால் இரவுகளை எண்ணிப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அறையைத் தேர்ந்தெடுத்த பிறகு ஓட்டலின் சொந்தத் தளத்தையும் ஒரு தடவை பாருங்கள். தேடுதளத்தைவிடக் குறைத்து விற்கக் கூடாது என்று ஓட்டல்களைக் கட்டிப்போட்டிருந்த நிபந்தனைகள், ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டத்துக்குப் பிறகு 2024இல் விலகின. சிறிய ஓட்டலாக இருந்தால் மின்னஞ்சலில் விலையைக் கேட்கலாம். குறைக்காவிட்டாலும் காலை உணவைச் சேர்த்துத் தருவதுண்டு.

பணம் கட்டும்போது ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கார்டு அந்நியச் செலாவணிக்கு எவ்வளவு கட்டணம் பிடிக்கிறது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முன்பதிவுக்குப் பிறகு "கார்டை மறுபடி சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அறை ரத்து" என்று இணைப்போடு செய்தி வந்தால் தொடாதீர்கள். செயலியின் உள்ளேயே, ஓட்டலின் பெயரிலேயே வந்தாலும் சரி, ஓட்டலுக்குப் போன் செய்து கேளுங்கள்.

கடைசியாகப் பட்டனை அழுத்தும் முன்

விமர்சனங்களில் ஜூலை, ஆகஸ்டில் எழுதியவற்றை மட்டும் தேடிப் படியுங்கள். பாரிஸ், லண்டன், ஆம்ஸ்டர்டாமில் மலிவான ஓட்டல்கள் பலவற்றில் ஏசி கிடையாது. வெப்ப அலை வந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்க வேண்டும், அப்போது தெருச் சத்தமும் உள்ளே வரும். பெற்றோரை அழைத்துப் போனால் லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். ஆம்ஸ்டர்டாம் பழைய வீடுகளின் மாடிப்படி ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும். இரவு பத்து மணிக்கு மேல் ரிசப்ஷனில் ஆள் இருப்பாரா, இல்லையென்றால் கதவு எண் எப்படி வரும் என்பதையும் கேட்டு வையுங்கள். ஐரோப்பாவில் பல அறைகளில் வெந்நீர்க் கெட்டில் இருக்காது. சின்னக் கெட்டில் ஒன்றை எடுத்துப் போங்கள், மின்னழுத்தம் நம் ஊர் மாதிரிதான். நம் மூன்று பின் பிளக் மட்டும் அங்கே நுழையாது, ஓர் அடாப்டர் வேண்டும்.

ஓட்டல் பெயரை வரைபடத்தில் போட்டு, நீங்கள் இரவு திரும்பும் நேரத்தைக் கொடுத்து, கடைசி ரயிலில் இறங்கி அறைக்கு நடக்கும் தெருவை ஒரு தடவை படத்தில் பாருங்கள். அந்தத் தெருவில் வெளிச்சமும் நாலு கடையும் இருந்தால் பதிவு செய்துவிடுங்கள்.